விசாவில் இல்லாத வேடம்

கொல்கத்தாவில் வெளிநாட்டவர் நடிக்கலாம், படிக்கலாம். ஓட்டுக் கேட்கலாமா?

பங்களாதேஷ் நடிகர் ஃபெர்தௌஸ் அகமதுவின் பெயர் தமிழ் ரசிகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவருக்குப் புகழ் தேடித்தந்த கதை நன்றாகவே தெரியும். அகத்தியனின் காதல் கோட்டை, பாசு சட்டர்ஜியின் இயக்கத்தில் 1998-ல் ஹொடாத் பிரிஷ்டி (திடீர் மழை) என்ற பெயரில் வங்காளிக்குப் போனது. தமிழில் அஜீத் செய்த வேடத்தில் அங்கே ஃபெர்தௌஸ். அதற்குப் பிறகு டாக்கா, கொல்கத்தா என இரண்டு ஊர் படவுலகிலும் அவருக்கு இடம் கிடைத்தது.

2019 ஏப்ரலில் ஒரு கதவு சாத்தப்பட்டது. மக்களவைத் தேர்தல் நேரம். மேற்கு வங்கத்தின் ராய்கஞ்ச் தொகுதியில் திரிணமூல் காங்கிரஸ் வேட்பாளருக்காகப் பிரசார ஊர்வலத்தில் கலந்துகொண்டார் ஃபெர்தௌஸ். பாரதீய ஜனதா தேர்தல் கமிஷனிடம் புகார் செய்தது. மத்திய உள்துறை அமைச்சகம் அவருடைய பிசினஸ் விசாவை ரத்து செய்து, நாட்டை விட்டு வெளியேறச் சொன்னது. கறுப்புப் பட்டியலிலும் சேர்த்தது. அவர் வருத்தம் தெரிவித்தும் பயனில்லை. சில நாட்களிலேயே இன்னொரு பங்களாதேஷ் நடிகருக்கும் இதே கதி. ராணி ராஷ்மணி டிவி தொடரில் நடித்த காஜி அப்துன் நூர், டம்டம் தொகுதிப் பிரசாரத்தில் தலைகாட்டியிருந்தார்.

சட்டம் சொல்வது என்ன? எதற்காக வந்தீர்கள் என்பதுதான் விசா கேட்கும் கேள்வி. வியாபாரம், வேலை, படிப்பு, சிகிச்சை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை உண்டு. ஓட்டுக் கேட்பதற்கு என்று ஒரு விசா கிடையாது. தகுதியான இந்தியர்கள் நிறையப் பேர் இருக்கும் வேலைக்கு வெளிநாட்டவருக்கு வேலை விசாவும் தருவதில்லை. கட்சி வேலைக்கு இந்தியாவில் ஆளுக்கா பஞ்சம்?

பதவிக்கோ கதவு இன்னும் இறுக்கம். நாடாளுமன்றத்துக்கு 84-வது பிரிவும், சட்டசபைக்கு 173-வது பிரிவும் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்கின்றன. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிக்கொண்டு, கையில் ஓசிஐ அட்டையுடன் ஊருக்கு வரும் நம் சொந்தக்காரர்களும் இதற்கு விலக்கல்ல. அவர்கள் ஓட்டுப் போடவும் முடியாது, தேர்தலில் நிற்கவும் முடியாது.

இதுவரை சிக்கலில்லை. ஆனால் ஓட்டுக் கேட்காமல், ஊர்வலத்தில் நின்றால் மட்டும்? 2019 டிசம்பரில் கொல்கத்தாவில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து நடந்த பேரணியில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் படித்த போலந்து மாணவர் ஒருவர் காணப்பட்டார். 2020 பிப்ரவரியில், 14 நாட்களுக்குள் வெளியேறும்படி அவருக்கு நோட்டீஸ் வந்தது. பாதியில் நிற்கும் படிப்போடு அவர் கல்கத்தா ஹைகோர்ட்டுக்குப் போனார்.

பேச்சுரிமை தரும் 19-வது பிரிவு குடிமக்களுக்கு மட்டும்தான் என்பது அரசுத் தரப்பு வாதம். நீதிபதி சப்யசாசி பட்டாச்சார்யா வேறு பிரிவைப் பார்த்தார். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காவலான 21-வது பிரிவு குடிமகன், அந்நியன் என்று பிரித்துப் பேசவில்லை. மூச்சுவிடும் உரிமையோடு அது நின்றுவிடுவதுமில்லை. மார்ச்சில் நோட்டீஸ் ரத்தானது. மாணவர் படிப்பைத் தொடர வழி பிறந்தது.

ஓட்டுக் கேட்பது வேறு, மனதில் பட்டதைச் சொல்வது வேறு என்ற வித்தியாசம் அந்தத் தீர்ப்பில் தெரிந்தது. 1946-ம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் போய், 2025 செப்டம்பரில் புதிய சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் யாரை இருக்க விடுவது, யாரை அனுப்புவது என்ற அதிகாரம் மத்திய அரசின் கையில்தான். அந்த வித்தியாசத்தை நினைவூட்ட வேண்டிய பொறுப்பும் கோர்ட்டுகளுக்குத் தொடர்கிறது.

ஃபெர்தௌஸ்? 2024 ஜனவரியில் டாக்கா-10 தொகுதியில் அவாமி லீக் சார்பில் நின்று எம்.பி. ஆனார். ஆகஸ்டில் ஷேக் ஹசீனா ஆட்சி கவிழ, நாடாளுமன்றமும் கலைந்தது. பதவி நிலைக்கவில்லைதான். ஆனால் அங்கே ஓட்டுக் கேட்க அவரிடம் யாரும் விசா கேட்கவில்லை.