பின்னால் நின்றவரின் பாடல்

வீட்டுக்கும் நிலத்துக்கும் மூலப்பத்திரம் உண்டு. வாய்மொழியாக வாழ்ந்துவரும் பாடலுக்கு அது கிடையாது. இயற்றியவர் யார், பிறந்த ஊர் எது என்று அறிய வேண்டுமானால், கிடைத்த சான்றுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் புரட்டிப் பார்ப்பதே வழி. அமெரிக்கக் கௌபாய்களின் காதல் பாடல்களுள் பெரும்புகழ் பெற்ற 'ரெட் ரிவர் வேலி', அதாவது 'சிவப்பாற்றுப் பள்ளத்தாக்கு', என்னும் பாடலின் கதையை அவ்வாறே புரட்டிப் பார்ப்போம்.

1925-ஆம் ஆண்டில் டெக்சாஸைச் சேர்ந்த கார்ல் ஸ்ப்ரேக் என்ற பாடகர் இப்பாடலை 'கௌபாய் லவ் சாங்' என்ற பெயரில் விக்டர் நிறுவனத்துக்காக இசைத்தட்டில் பதிவு செய்தார். கௌபாய்கள் பாடிவரும் வடிவங்களில், பள்ளத்தாக்கை விட்டுப் புறப்படும் பெண்ணிடம், விடைகொடுக்க மனமின்றி நிற்கும் கௌபாய் ஒருவன் பேசுகிறான். டெக்சாஸுக்கும் ஓக்லஹோமாவுக்கும் எல்லையாக ஓடும் ஆற்றுக்கும் சிவப்பாறு என்றே பெயர். ஆகவே, பாடல் பிறந்த இடம் அதுவே என்று கேட்போர் கொள்வது இயல்பு.

ஆனால், 1896-இல் இப்பாடலின் ஒரு வடிவம் நியூயார்க் மாநிலத்தின் மோஹாக் பள்ளத்தாக்கைப் பற்றியதாக அச்சாகியிருந்தது. அதுவே மூலம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அயோவா மாநிலத்தில் கிடைத்த கையெழுத்துப் படி ஒன்றில் 1879, 1885 என்னும் ஆண்டுகள் குறிக்கப்பட்டிருந்தன. அச்சுக்கு முன்பே பாடல் மக்களிடையே உலவியதை அக்குறிப்புகள் உணர்த்தின.

கனடாவின் நாட்டுப்புறவியல் அறிஞர் ஈடித் ஃபோக் தேடலை மேலும் வடக்கே கொண்டு சென்றார். 1896-க்கு முன்பே கனடாவின் பல மாகாணங்களில் இப்பாடல் பாடப்பட்டதற்கான சான்றுகளை அவர் திரட்டினார். அங்கும் ஒரு சிவப்பாறு உண்டு. அது வடக்கு நோக்கி ஓடி, மானிடோபா மாகாணத்தில் வின்னிபெக் ஏரியில் கலக்கிறது.

அந்த ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் மேத்தி மக்கள். ஐரோப்பியருக்கும் பூர்வகுடியினருக்கும் பிறந்தவர்களின் வழிவந்தோர். ஹட்சன் விரிகுடா நிறுவனம் அப்பெருநிலப்பரப்பை 3,00,000 பவுண்டுக்குக் கனடாவிடம் ஒப்படைக்க இசைந்தபோது, அங்கு வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. லூயி ரியேல் தலைமையில் மேத்தி மக்கள் எதிர்த்தெழுந்தனர். 1870-இல் ஊல்ஸ்லி என்ற தளபதியின் கீழ் படை வந்தது. அவ்வாறு வந்த படைவீரன் ஒருவன் ஊர் திரும்பும் வேளையில், அவனை நேசித்த மேத்திப் பெண் பாடுவதாகவே கனடிய வடிவம் அமைந்துள்ளது. பாடல் அக்காலத்தில் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்பதே ஃபோக்கின் கருத்து.

இதை ஏற்றுக்கொண்டால் நம் மனத்தைத் தைப்பது ஒன்றுண்டு. பாடல் தெற்கே பயணம் செய்தபோது படைவீரன் மறைந்தான். மேத்திப் பெண்ணும் மறைந்தாள். அவள் நின்ற இடத்தில் கௌபாய் வந்து நின்றான். பாடல் உலகப் புகழ் பெற்றது. அதை முதலில் பாடியவளாகச் சொல்லப்படும் பெண்ணின் மக்களோ அப்புகழில் இடம்பெறவில்லை.

எனினும் ஒன்று மாறவில்லை. எந்த வடிவமாயினும், பேசுவது புறப்பட்டுச் செல்பவர் அல்லர், பின்னால் நிற்பவரே. 1940-இல் ஜான் ஃபோர்டு இயக்கிய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' திரைப்படத்தில், நிலத்தை இழந்து ஓக்லஹோமாவை விட்டுப் புறப்பட்ட குடும்பத்தின் கதைக்குப் பின்னணியாக இந்த மெட்டு ஒலித்தது. அங்கே காதலர் இல்லை. பிரிவு மட்டும் இருந்தது. மெட்டு அதற்கும் பொருந்தியது.

மூலப்பத்திரம் இல்லாத சொத்து இது. அதனால்தான் பிரிவை அறிந்த எவரும் அதைத் தம்முடையது என்று பாட முடிகிறது. அடுத்த முறை அம்மெட்டைக் கேட்கும்போது, வடக்கே ஓடும் அந்த ஆற்றங்கரையில் நின்ற பெண்ணையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.