வழிகாட்டியின் கூலியைக் குறைத்து மலையேற்றி விடலாமா?

கொஸ்லந்தயில் கடை வைத்திருந்தவர்கள் முன்பெல்லாம் தோட்டத்துச் சம்பள நாளைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். பருப்பும் கருவாடும் கோதுமை மாவும் அன்றைக்குத்தான் நகரும். கொப்பியில் எழுதிய கடனும் அன்றைக்குத்தான் வசூலாகும். இன்று அதே பாதையில் சனி, ஞாயிறு தினங்களில் கொழும்பிலிருந்து வேன்கள் வந்து நிற்கின்றன. தியலும நீர்வீழ்ச்சியின் உச்சிக்கு ஏறி, மேலே உள்ள தடாகங்களில் குளித்து, கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கிப் போவதற்கு உள்நாட்டு இளைஞர்களும் வெளிநாட்டவர்களும் வருகிறார்கள். கூடாரம் வாடகைக்குக் கொடுப்பவர், முச்சக்கர வண்டி ஓட்டுபவர், சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுப்பவர், அறை விடுபவர் என்று பலருக்கும் இதில் பிழைப்பு உண்டு. அல்ஹம்துலில்லாஹ், நல்ல விடயம்தான்.

ஆனால் இந்த வியாபாரத்தில் நாம் விற்கும் சரக்கு எது என்பதில் பலருக்கும் தெளிவில்லை. கூடாரமும் சோற்றுப் பார்சலும் உபரி. ஒரு மனிதரை மேலே கொண்டுபோய், கை கால் சுகத்தோடு கீழே கொண்டுவந்து அவருடைய வீட்டாரிடம் ஒப்படைப்பதுதான் உண்மையான சரக்கு. அந்தச் சரக்கைத் தருபவர் வழிகாட்டி. கணக்குப் பார்க்கும்போது முதலில் வெட்டுவது அவருடைய கூலியைத்தான்.

தியலும 220 மீற்றர் உயரம், அடிக்கணக்கில் 720. இலங்கையில் உயரத்தில் இரண்டாவது. முதலாவதான பம்பரகந்தவும், 263 மீற்றர், இதே பதுளை மாவட்டத்தில் இதே பெருந்தெரு வழியில்தான் இருக்கிறது. தியலுமவின் மேல் தடாகங்கள் பார்வைக்குக் குளம் போல அமைதியாக இருக்கும். அவற்றில் ஒன்றின் விளிம்போ நேரே பள்ளம். பாசி படிந்த பாறையில் செருப்போடு நின்று செல்பி எடுப்பவருக்கு அது தெரியாது. பூனாகலைப் பக்கம் மழை கொட்டினால், தடாகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வந்துவிடும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும் அந்தக் கணமே கரையேற வேண்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பையனுக்கு இது பாடம் படித்து வருவதல்ல. அந்த அறிவுக்குத்தான் நாம் கூலி கொடுக்கிறோம்.

ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரழி) அவர்களும் அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவரைக் கூலிக்கு அமர்த்திய சம்பவம் நாம் அறிந்ததே. அவர் அப்போது முஸ்லிமாக இருக்கவில்லை, குறைஷிகளின் மார்க்கத்தில் இருந்தவர். ஆனால் பாதை தெரிந்தவர், நம்பிக்கையானவர். ஒட்டகங்களை முன்கூட்டியே அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகள் கழித்து தவ்ர் குகைக்கு வரும்படி தவணை சொன்னார்கள். அவரும் சொன்னபடி வந்து, வழக்கமான பாதையை விட்டுக் கரையோர வழியாக அழைத்துச் சென்றார். இமாம் புகாரி இந்தச் செய்தியைக் கூலிக்கு அமர்த்துவது பற்றிய பகுதியிலும் பதிந்திருக்கிறார்கள். அதாவது இது ஒரு வியாபார ஒப்பந்தமும்கூட. மலிவான ஆளைத் தேடவில்லை, தங்கள் ஆள்தானா என்றும் பார்க்கவில்லை. தகுதியைப் பார்த்தார்கள்.

இந்தத் துறை மேல்நாட்டிலும் ஒரு வர்த்தகரின் தேவையிலிருந்துதான் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, உயிர்காப்புப் படகுகளில் வயது முதிர்ந்த மாலுமிகள் தாக்குப்பிடிக்க, வலுவான இளைஞர்கள் மனம் உடைந்து மாண்டுபோவதாகக் கப்பல் கம்பனி முதலாளி லோரன்ஸ் ஹோல்ட் கருதினார். அவருடைய பணமும் கேர்ட் ஹான் என்ற ஆசிரியரின் முறையும் சேர்ந்து 1941இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவியில் ‘அவுட்வார்ட் பவுண்ட்’ பயிற்சிக்கூடம் உருவானது. 1965இல் போல் பெட்சோல்ட் என்ற மலையேறி அமெரிக்காவில் வெளிப்புறத் தலைமைத்துவத்துக்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார். முன்னால் நடப்பவன் எல்லாம் தலைவனாகிவிட முடியாது, தலைமையும் கற்க வேண்டிய தொழில் என்பதே அவர்களது கட்சி.

இந்தத் தொழிலில் மிகக் கடினமான பாடம் திரும்பிவருவது. உமர் (ரழி) அவர்கள் ஷாம் நோக்கிச் செல்லும் வழியில், ஸர்ஃ என்ற இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்தார்கள். பலரையும் கலந்தாலோசித்துவிட்டுத் திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரழி) அவர்களே கேட்டார்கள். அவன் விதியிலிருந்து அவன் விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் கலீபா பதில் சொன்னார்கள். எமது மலைப் பயணத்தில் நடப்பதைப் பாருங்கள். முழுப் பணமும் கட்டிய 12 பேர் நிற்கிறார்கள். மேலே கருமேகம். திரும்புவோம் என்று வழிகாட்டிப் பையன் சொன்னால் அவனுக்குக் கூலி இல்லை, முதலாளியிடம் ஏச்சு வேறு. அவன் எப்படிச் சொல்வான்? திரும்பி வந்தாலும் முழுக் கூலி உண்டு என்பதை முதலாளி முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2018 மார்ச் 11ஆம் திகதி, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து இறங்கி வந்த மலையேற்றக் குழுவினர் அவர்கள். பெரும்பாலும் படித்த, தொழில் பார்க்கும் இளையவர்கள். அதன் பின்னர்தான் அங்கே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 ஒக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளைத் திறந்து, அந்தந்த மலைவாழ் இளைஞர்களையே பயிற்றுவித்து வழிகாட்டிகளாக்கியது. இத்தனை உயிர் போன பிறகு.

கொஸ்லந்தக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தயில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அறிவு இருந்தது, எழுப்பிக்கொண்டுபோய் வேறிடத்தில் இருத்துவதற்குத் தலைமை இருக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல் எளிது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் தயார்நிலை, 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். கூடாரம் வாடகைக்கு விடும் கடையில் இந்த மூன்று எண்களையும் ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட என்ன செலவு?

அடுத்தது வைத்தியம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் ஆரம்பித்துப் பின்னர் நாடு முழுவதும் விரிந்தது, பெரிய உதவி. ஆனால் அது றோட்டு வரைதான் வரும். நகரத்து முதலுதவி அம்புலன்ஸ் வரும்வரை சமாளிப்பது. காட்டு முதலுதவியோ மணிக்கணக்கில் நோயாளியோடு இருந்து, சுமந்து இறக்குவது. இரண்டு மூங்கில் கழிகளை நல்ல சாக்குகளுக்குள் செருகினால் டோலி தயார். சுமப்பதற்கு ஆறு பேர், மாற்றுவதற்கு இன்னும் ஆறு பேர் வேண்டும். 2015 பெப்ரவரியில் ஹோட்டன் சமவெளியின் உலக முடிவில் தவறி விழுந்த நெதர்லாந்துக்காரர் சுமார் 130 அடி கீழே மரத்தில் தங்கினார். இராணுவத்தினர் இறங்கித்தான் மீட்டார்கள். 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தபோதும், காயப்பட்டவர்களை மேலே ஏற்றக் கயிறும் ஆள்பலமும்தான் கைகொடுத்தன.

மலையகத்தில் கொழுந்து பறிப்பவர்களைக் குளவி கொட்டிய செய்தி பத்திரிகையில் வராத மாதம் குறைவு. கூடு இருக்கும் மரத்தடியில் நெருப்பு மூட்டுவதும் கல்லெறிவதும் சுற்றுலாக் கூட்டத்தின் வேலை. கொட்டினால் தலையை மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு ஓட வேண்டும். தடிப்பு, தொண்டை அடைப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் கண்டால் அது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. அட்ரினலின் ஊசிதான் மருந்து, தாமதமே கூடாது. பாம்பு கடித்தால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் தீங்கு. மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல், நடக்க விடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். இந்நாட்டில் அதிகம் கடிப்பது சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும் சிறிய விரியன். இந்தியாவிலிருந்து வரும் வழமையான விஷமுறிவு மருந்து அதற்கு வேலை செய்யாது. ஆகவே எது கடித்தது என்று வைத்தியருக்குத் தெரிவது நல்லது. அதற்காகப் பாம்பைத் துரத்திப்போகத் தேவையில்லை. நீரில் மூழ்கியவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் வீண்வேலை. மூச்சில்லை என்றால் வாயோடு வாய் மூச்சுக் கொடுத்து நெஞ்சை அமுக்க வேண்டும். (அட்டைக்குப் பயந்து அலறுபவர்கள்தான் அதிகம். அட்டையால் செத்தவர் இல்லை.)

வைத்தியம் அறியாமல் வைத்தியம் பார்ப்பவர் ஏற்படும் தீங்குக்குப் பொறுப்பாளி என்று ஹதீஸ் இருக்கிறது. பையனிடம் மருந்துப் பெட்டியைக் கொடுத்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இதனை யோசிக்க வேண்டும்.

செலவைப் பார்ப்போம். 12 பேர் கொண்ட வேனில் ஆளுக்கு 200 ரூபா கூட்டினால் 2,400 ரூபா. தோட்டத் தொழிலாளிக்கு 2024இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. ஆகவே முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று இரண்டாவது ஆளை ஒரு பகலுக்கு வைக்க அந்தக் கூடுதல் தொகை போதும், கயிற்றுக்கும் மருந்துக்கும் மிச்சமும் வரும். கொழும்பிலிருந்து எரிபொருள் செலவழித்து வருபவர் 200 ரூபாவுக்காக வராமல் விடமாட்டார். பக்கத்துக் கடைக்காரர் குறைத்துக் கேட்பாரே என்பதுதான் பயம் என்றால், பேரகல முதல் வெல்லவாய வரை இத்தொழிலில் உள்ளவர்கள், எந்த இனத்தவராயினும், ஒரு மேசையில் உட்கார்ந்து விலையை ஒன்றாக நிர்ணயித்துக் கொள்ளலாம்.

இலங்கை செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பிரதேச வழிகாட்டியாகப் பதிவு பெறவும் வழியுண்டு. தோட்டத்துப் பையன்கள் நாலைந்து பேரின் பயிற்சிச் செலவைக் கடைக்காரர்கள் பங்கிட்டுக் கொள்ளலாம். ஊவாவில் ஒக்டோபரில் மழை பிடித்துவிடும், அதற்கு முன்னர் முடிப்பது உசிதம். வேனில் வருபவர்களின் பெயர், வீட்டுத் தொலைபேசி இலக்கம், இறங்கும் நேரம் ஆகியவற்றை எழுத ஒரு கொப்பி கடையில் இருக்கட்டும். கடன் எழுதிய பழைய கொப்பியிலேயே பக்கங்கள் மீதியிருக்கும்.