மொழித்தகுதியும் மொழிப்பயன்பாடும்: சிங்கப்பூர் அரசின் மொழிக்கொள்கையை முன்வைத்து

திறவுச்சொற்கள்: மொழிக்கொள்கை, ஆட்சிமொழி, இருமொழிக் கல்வி, வீட்டுமொழி, சிங்கப்பூர்த் தமிழ்

முன்னுரை

ஒரு மொழிக்கு அரசமைப்பில் இடம் கிடைத்துவிட்டால் அதன் எதிர்காலம் உறுதிப்பட்டுவிடும் என்னும் எண்ணம் மொழியுரிமை குறித்த விவாதங்களில் பரவலாகக் காணப்படுகிறது. இவ்வெண்ணம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைச் சோதித்தறியச் சிங்கப்பூர் தக்கதொரு களமாகும். அந்நாடு 1965இல் தனிநாடானது முதல் அதன் நான்கு ஆட்சிமொழிகளின் சட்டத்தகுதி மாறவில்லை. ஆனால், மக்கள் வீட்டில் பேசும் மொழி இரண்டு தலைமுறைக் காலத்தில் பெரிதும் மாறியுள்ளது. சட்டம் மாறாதிருக்கப் பயன்பாடு மட்டும் மாறியது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டம் வழங்கிய தகுதி

மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் சிங்கப்பூரின் ஆட்சிமொழிகள். அவற்றுள் மலாய் தேசிய மொழியாகும். மக்கள்தொகையில் சிறுபான்மையினரான இந்தியர்களுள்ளும் ஒரு பகுதியினரே பேசும் தமிழ், பெரும்பான்மையினரின் மொழிக்கு இணையான இடத்தைப் பெற்றது. நாடாளுமன்றத்தில் தமிழில் உரையாற்றலாம். நாணயத்தாளில் தமிழ் எழுத்து உண்டு. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ இன்றும் வெளிவருகிறது. தமிழுக்கெனத் தொலைக்காட்சி அலைவரிசையும் வானொலியும் இயங்குகின்றன. மொழியியலார் மொழிநிலைத் திட்டமிடல் என்று குறிப்பிடும் பிரிவில் தமிழுக்கு ஏறத்தாழ எல்லாம் கிடைத்துள்ளன எனலாம்.

பள்ளி வழியே நிகழ்ந்த மாற்றம்

பயன்பாட்டைத் தீர்மானித்த கருவி பள்ளியே ஆகும். குடியேற்ற ஆட்சிக்காலத்தில் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கு பயிற்றுமொழிகளில் பள்ளிகள் இயங்கின. தொடக்கப்பள்ளிகளில் 1960 முதலும் உயர்நிலைப் பள்ளிகளில் 1966 முதலும் இரண்டாம் மொழி கட்டாயமாக்கப்பட்டது. பயிற்றுமொழியைத் தேர்வுசெய்யும் உரிமை பெற்றோரிடமே இருந்தது. ஆயினும் உயர்கல்வி, அரசுப்பணி, பன்னாட்டு நிறுவன வேலைவாய்ப்பு ஆகியவை ஆங்கிலத்தையே சார்ந்திருந்தமையால் பெற்றோர் ஆங்கிலவழிப் பள்ளிகளை நாடினர். எந்தப் பயிற்றுமொழியையும் அரசு சட்டத்தால் தடைசெய்ய வேண்டிய தேவை எழவில்லை. சேர்க்கை குறைந்த பள்ளிகள் தாமே நலிந்தன. சீனவழி உயர்கல்விக்கென நிறுவப்பட்ட நன்யாங் பல்கலைக்கழகம் 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. கடைசித் தமிழ்வழிப் பள்ளியாக இருந்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதன்மைப் பயிற்றுமொழியாகக் கொண்ட ஒரே கல்விமுறையின்கீழ் வந்தன.

இதன் விளைவாகத் தமிழ், பாடங்களைக் கற்பிக்கும் மொழி என்னும் நிலையிலிருந்து கற்பிக்கப்படும் பாடம் என்னும் நிலைக்கு வந்தது. ஆட்சிமொழித் தகுதியில் இதனால் குறையேதும் ஏற்படவில்லை. ஆனால் கணிதம், அறிவியல், வரலாறு ஆகியவற்றைத் தமிழில் சிந்தித்துப் பழகும் மாணவர் தலைமுறை அத்துடன் முடிவுற்றது.

‘தாய்மொழி’ என்னும் வரையறை

அரசின் மற்றொரு கருவி பெயரிடுதல். சிங்கப்பூர்க் கல்விமுறையில் ‘தாய்மொழி’ என்பது குழந்தை வீட்டில் முதலில் கற்ற மொழியன்று. அதன் இனப்பதிவுக்கு உரியதென அரசு கொள்ளும் மொழி. ஹொக்கியன் பேசும் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தாய்மொழி மாண்டரினே. மலையாளம் பேசும் குடும்பத்துக் குழந்தைகள் பலர் பள்ளியில் தமிழையே தாய்மொழிப் பாடமாகப் பயின்றனர். இந்தி, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி, உருது ஆகியவற்றைப் பயிலும் வாய்ப்பு 1990 முதல் படிப்படியாக வழங்கப்பட்டது.

இவ்வரையறைக்கும் நடப்புக்கும் இடையிலான தொலைவை அரசின் ஆய்வே வெளிப்படுத்தியது. கோ கெங் சுவீ தலைமையிலான குழு 1979இல் வெளியிட்ட கல்வி அறிக்கை, பள்ளியில் பயிலும் இருமொழிகளையும் மாணவர்களுள் 85 விழுக்காட்டினர் வீட்டில் பேசுவதில்லை எனச் சுட்டியது. பாடத்திட்டத்தை வீட்டுமொழிக்கு ஏற்ப அமைப்பது ஒரு வழி. வீட்டுமொழியைப் பாடத்திட்டத்துக்கு ஏற்ப மாற்றுவது மற்றொரு வழி. சீனரைப் பொறுத்தவரை அரசு இரண்டாவதைத் தேர்ந்தது. அதே ஆண்டில் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கப்பட்டது. வானொலி, தொலைக்காட்சியிலிருந்து ஹொக்கியன், தியோச்சூ, கன்டனீஸ் நிகழ்ச்சிகள் படிப்படியாக நீக்கப்பட்டன. ஒன்றைப் பேசுவோர்க்கு மற்றொன்று எளிதில் விளங்காத இம்மொழிகளைக் ‘கிளைமொழிகள்’ என வகைப்படுத்தியதே அவற்றின் இடத்தைக் குறுக்கிய முதற்படியாகும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் காட்டுவன

ஐந்து வயதும் அதற்கு மேலும் உடைய குடியிருப்பாளர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி குறித்த தரவுகள் கொள்கையின் நீண்டகால விளைவைக் காட்டுகின்றன. சீனக் கிளைமொழிகள் 2000இல் 23.8 விழுக்காடாகவும் 2010இல் 14.3 விழுக்காடாகவும் இருந்து, 2020இல் 8.7 விழுக்காடாகக் குறைந்தன. இவ்வகையில் இயக்கம் தன் நோக்கத்தை எட்டியது. ஆனால் அவ்விடத்தை மாண்டரின் நிலையாகப் பெறவில்லை. 2010இல் 35.6 விழுக்காடாக இருந்த மாண்டரின் 2020இல் 29.9 விழுக்காடாயிற்று. ஆங்கிலமோ 2000இல் 23.0, 2010இல் 32.3, 2020இல் 48.3 விழுக்காடு என உயர்ந்தது. தமிழ் 2010இல் 3.3 விழுக்காடும் 2020இல் 2.5 விழுக்காடும் ஆகும். இந்தியருள் ஆங்கிலத்தை மிகுதியாகப் பேசுவோர் 2000இல் 35.6 விழுக்காட்டினர், 2020இல் 59.2 விழுக்காட்டினர்.

இத்தரவுகளைக் கையாளும்போது இரண்டு வரம்புகளை நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவதாக, ‘மிகுதியாகப் பேசும்’ என்னும் வினா ஒரே மொழியை விடையாகக் கோருகிறது. ஆங்கிலத்தை முதலாவதாகக் குறிப்பிட்டோருள் பெரும்பாலோர் தம் இனத்துக்குரிய மொழியையும் இரண்டாவதாகப் பேசுகின்றனர். இரண்டாவதாக, தமிழரல்லாத இந்தியரின் குடியேற்றமும் தமிழின் விழுக்காட்டைப் பாதிக்கிறது. எனினும் மாற்றத்தின் திசை ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக உள்ளது. தடுக்கப்பட்ட ஹொக்கியனும் ஊக்குவிக்கப்பட்ட மாண்டரினும் பாதுகாக்கப்பட்ட தமிழும் ஒரே மொழிக்கே வீட்டில் இடம்விட்டுள்ளன.

கொள்கையின் மறுதிருத்தங்கள்

விளைவுகளைக் கண்ட அரசு சில திருத்தங்களையும் மேற்கொண்டது. தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த மறுஆய்வுக் குழு, 2005இல் தரமான பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் முதன்மை தரப் பரிந்துரைத்தது. எழுத்துத்தமிழை மட்டும் கற்பித்தல், இரட்டை வழக்குடைய தமிழைப் பேச வாய்ப்பற்ற தேர்வுமொழியாக்கிவிடும் என்னும் கவலை இதற்குப் பின்புலமாக இருந்தது. 2016இல் முதியோர்க்கு அரசின் திட்டங்களை விளக்க ஹொக்கியன் மொழித் தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பப்பட்டது. முன்னர் ஒளிபரப்பிலிருந்து விலக்கப்பட்ட மொழியின் துணையின்றி ஒரு தலைமுறையைச் சென்றடைய இயலாமையை இது காட்டுகிறது. பேரன் பேத்தியரோடு உரையாடப் பொதுமொழி இல்லாத முதியோரின் நிலை, கொள்கை ஆவணங்கள் கணக்கிடாத விலையாகும்.

முடிவுரை

சிங்கப்பூர்ச் சான்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, ஆட்சிமொழித் தகுதி ஒரு மொழியைப் பொதுவெளியில் நிலைநிறுத்தும். வீட்டில் நிலைநிறுத்தும் ஆற்றல் அதற்குத் தனியே இல்லை. இரண்டு, பயிற்றுமொழி, தேர்வு, வேலைவாய்ப்பு ஆகியவற்றில் அரசு எம்மொழிக்குப் பயனை ஒதுக்குகிறதோ அம்மொழியைப் பெற்றோர் குழந்தைகளிடம் பேசத் தொடங்குகின்றனர். இம்மாற்றம் முழுமையாகப் புலப்பட ஒரு தலைமுறையேனும் ஆகிறது. மூன்று, அரசு ஒரு மொழியை வீட்டிலிருந்து அகற்ற முடியும். அவ்விடத்தில் தான் விரும்பும் மொழியை அமர்த்துவது அதன் கையில் முழுமையாக இல்லை.

ஆதலின் மொழிக்கொள்கையை மதிப்பிடும் ஆய்வுகள் சட்டத்தில் உள்ள இடத்தோடு நின்றுவிடாமல், குறிப்பிட்ட மொழியில் எத்தனைப் பாடங்கள் பயிலப்படுகின்றன, எத்தகைய பணிகளுக்கு அம்மொழியறிவு தேவைப்படுகிறது, பெற்றோர் பிள்ளைகளிடம் எம்மொழியில் பேசுகின்றனர் என்பவற்றையும் அளவுகோல்களாகக் கொள்ளுதல் வேண்டும். தமிழ் ஆட்சிமொழியாக உள்ள பிற நிலப்பகுதிகளுக்கும் இவ்வளவுகோல்கள் பொருந்துவனவே.