உங்களுக்குத் தெரியுமா? இடுப்பெலும்புக்கும் ஒரு சீமெந்து உண்டு

அக்கரப்பத்தனை மலைகளில் ஆயுள் முழுக்கக் கொழுந்தெடுத்த ஆச்சிமார் பலர், “இடுப்பு விட்டுப்போச்சு” என்று லயத்து வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். வயசாகிவிட்டது என்று நாமும் விட்டுவிடுகிறோம். அது எலும்பு வெடிப்பாகவும் இருக்கலாம். மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலிந்துபோனால், விழாமலே, வெறும் உடற்பாரத்தாலேயே இடுப்புக்கூட்டின் பின்புறம் உள்ள திரிக எலும்பு வெடிக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும்.

ஓய்வும் மருந்தும் பலருக்குப் போதும். வலி அடங்காதவர்களுக்கு, சி.டி. ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே தோல் வழியாக ஊசியை வெடிப்புவரை செலுத்தி, எலும்புச் சீமெந்தை ஏற்றுவார்கள். பெயர்தான் சீமெந்து, உண்மையில் அது அக்ரிலிக் தகடு செய்யும் அதே வகைப் பிளாஸ்டிக். பசையாக உள்ளே போய், சூடேறி, சில நிமிடங்களில் இறுகிவிடும். வெளியே கசிந்தால் பக்கத்து நரம்பு பாதிக்கப்படலாம். படத்தின் துணை அதற்காகத்தான்.

1984இல் பிரான்ஸின் அமியான் நகரில், கழுத்து முள்ளெலும்பில் கட்டி இருந்த ஒரு பெண்ணுக்கு இப்படி முதன்முதலில் சீமெந்து ஏற்றினார்கள். திரிக எலும்புக்கு அந்த முறை வந்தது 2000களின் தொடக்கத்தில்.

உங்கள் வீட்டு ஆச்சிக்கு வாரக்கணக்கில் இடுப்புவலியா? எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றாலும், “எலும்பு வெடிப்பாக இருக்குமா?” என்று வைத்தியரிடம் கேளுங்கள்.