ஸ்பேஸைத் தட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

'ஓப்பன் சோர்ஸ்ல ஒரு பேட்ச் அனுப்பிட்டேன், ரெஸ்யூம்ல போட்டுக்கலாம்'னு ஆசைப்படாத கம்ப்யூட்டர் சயின்ஸ் ஸ்டூடண்ட் உண்டா? ஆனா பெரிய அல்காரிதத்துல கை வைக்கப் பயம். அதனால நம்மாளு பிடிக்கிற முதல் வேலை... துப்புரவு! வரிக் கடைசியில் சும்மா தொங்குற ஸ்பேஸ், டேபும் ஸ்பேஸும் கலந்துகட்டி அடிச்ச இன்டெண்டேஷன், விண்டோஸ்ல இருந்து ஒட்டிக்கிட்டு வந்த லைன் எண்டிங்... எல்லாத்தையும் ஒரே தட்டுல கிளீன் பண்றது.

நல்ல வேலைதான், யாரும் சிரிக்க வேண்டாம். லினக்ஸ் கெர்னல்ல 'செக்பேட்ச்'னு ஒரு ஸ்கிரிப்ட்டே இருக்கு. வரிக் கடைசியில் ஒரு ஸ்பேஸ் விட்டாலும் கண்டுபிடிச்சு திட்டும். ஆனா அந்தத் துப்புரவு அடுத்தவங்க ஃபைல்ல நடந்தா? அதுதான் இன்னிக்கு மேட்டர்!

தண்ணி ரயிலும் மெமரி லீக்கும்

2019 ஜூலை ஞாபகம் இருக்கா? சென்னை குடிதண்ணிக்குத் தவிச்சப்போ, நம்ம ஜோலார்பேட்டையில இருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில்ல தண்ணி போச்சு. 50 வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர், ஒரு டிரிப்புக்கு 25 லட்சம் லிட்டர். இப்போ சும்மா கற்பனை பண்ணுங்க. அதுல ஒரு வேகன்ல மட்டும் ஊசி ஓட்டை. அங்கே போய் அளந்து பார்த்தா தண்ணி குறையுது. எந்த வேகன்? எந்த இடத்துல ஒழுகுச்சு? தலையைப் பிச்சுக்க வேண்டியதுதான்!

சி புரோகிராம்ல மெமரி லீக்கும் இதே கதை. 'மால்லாக்' போட்டு வாங்கின இடத்தை 'ஃப்ரீ' பண்ணாம விட்டா, கொஞ்சம் கொஞ்சமா ஒழுகி, ஒருநாள் சர்வர் படுத்துடும். எங்கே வாங்கினது, எத்தனை பைட் திரும்பி வரலைன்னு வரி நம்பரோட சொல்ற கில்லாடி சாஃப்ட்வேர் 'வால்கிரின்ட்'. 'பிஜிப்2' கம்ப்ரஷன் புரோகிராமை எழுதின ஜூலியன் சீவர்ட் உருவாக்கினது. முதல் வெர்ஷன் 2002ல வந்தது. நார்ஸ் புராணத்துல வல்ஹல்லா மண்டபத்தோட வாசலுக்கு அந்தப் பேர். பலரும் 'கிரைண்ட்'னுதான் சொல்றாங்க. 'கிரின்ட்'தான் கரெக்ட், இன்டர்வியூல கெத்தா சொல்லலாம்!

அந்த ஹெடர் ஃபைல்ல என்ன இருக்கு?

வால்கிரின்ட் கூட உங்க புரோகிராம் நேரடியா பேசணும்னா, அவங்க தர்ற ஹெடர் ஃபைலை உங்க புராஜெக்ட்ல காப்பி பண்ணிப் போட்டுக்கணும். கூகுளோட 'வி8' இன்ஜின் வரைக்கும் 'தேர்ட் பார்ட்டி' ஃபோல்டர்ல இதைப் போட்டு வெச்சிருந்தாங்க.

உள்ளே இருக்கிற டெக்னிக் செம! 32 பிட் இன்டெல் சிப்ல ஒரு ரெஜிஸ்டரை 3, 13, 29, 19 பிட்னு நாலு தடவை சுத்தச் சொல்லும். கூட்டிப் பாருங்க... 64. அதாவது ரெண்டு முழு சுத்து, கிளம்பின இடத்துக்கே வந்தாச்சு. நிஜ பிராசஸருக்கு இது வெட்டி வேலை. வால்கிரின்ட்டுக்கோ இது ரகசிய சிக்னல், 'ஓஹோ, நம்மளைக் கூப்பிடுறாங்க'ன்னு புரிஞ்சுக்கும்.

இதெல்லாம் பல வரி மேக்ரோ. ஒவ்வொரு வரி கடைசியிலும் ஒரு பேக்ஸ்லாஷ். சி மொழியோட விதிப்படி அதுதான் அந்த வரியோட கடைசி எழுத்து. அதுக்குப் பின்னாடி ஒரே ஒரு ஸ்பேஸ் விழுந்தாலும், ஜிசிசி வார்னிங் கொடுத்துட்டு சமாளிக்கும், வேற கம்பைலர் முறைச்சுக்கும். கண்ணுக்கே தெரியாத ஒரு எழுத்து, பில்டையே கவுத்துடும்!

'அப்போ கிளீன் பண்றது நல்லதுதானே?'ன்னு கேக்குறீங்களா? அங்கேதான் சிக்கல். ஜங்ஷன்ல வந்து நிக்கிற அடுத்த ஊர் ரயில் பெட்டிக்கு நாம பெயின்ட் அடிக்கிற மாதிரிதான் இது. நாளைக்கு ஒரிஜினல் டீம் புது வெர்ஷன் விட்டா, ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது நூத்துக்கணக்கான வரி மாறினதா காட்டும். அதுல நிஜ மாற்றம் எது, உங்க ஸ்பேஸ் எதுன்னு தேடுறதுக்குள்ள விடிஞ்சுடும். இன்னொண்ணு, அந்த ஹெடரோட லைசென்ஸே 'மாத்தினா, மாத்தினதுன்னு தெளிவா குறிச்சு வை'ன்னு சொல்லுது.

பிசிறுன்னு நினைச்சு தையலை வெட்டின கதை

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனிக்குப் போற அக்காவோ அத்தையோ உங்க வீட்ல இருக்காங்களா? கேட்டுப் பாருங்க. தையல் முடிஞ்சதும் நீட்டிக்கிட்டு இருக்கிற நூல் பிசிறை வெட்டணும். ஆனா கத்தரி ஒரு இழை உள்ளே போச்சுன்னா தையலே பிரிஞ்சுடும். பார்க்க ரெண்டும் நூல்தான்!

2006ல டெபியன் லினக்ஸ்ல நடந்தது அதேதான். ஓபன்எஸ்எஸ்எல்னு ஒரு பாதுகாப்பு லைப்ரரி. வால்கிரின்ட்ல ஓட்டினா 'மதிப்பு கொடுக்காத மெமரியைப் படிக்கிறே'ன்னு ஓயாத வார்னிங். அந்தச் சத்தத்தை அடக்க, ஒரே மாதிரி இருந்த ரெண்டு வரியை கமென்ட் பண்ணிட்டாங்க. ஒண்ணு நிஜமாவே பிசிறு. இன்னொண்ணு தையல்! ரகசிய சாவி உருவாக்கத் தேவையான ரேண்டம் தகவலை உள்ளே சேர்க்கிற வரியே அதுதான்.

விளைவு? சாவியோட ரேண்டம்தன்மை வெறும் பிராசஸ் ஐடியை மட்டும் நம்பி நின்னுச்சு. அதுக்கு அதிகபட்சம் 32,768 மதிப்புதான். ஒரு சாதாரண பிசியே அத்தனையையும் போட்டுப் பார்த்துடும்! லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடிச்சு, 2008 மே 13ம் தேதி அறிவிப்பு வந்துச்சு. அதுவரைக்கும் ரெண்டு வருஷம் யாருக்கும் தெரியாது. டெபியன், உபுண்டுல அந்தக் காலத்துல உருவான சாவிகளை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு புதுசா உருவாக்க வேண்டியதா போச்சு.

வார்னிங்கே வேஸ்ட்னு நினைச்சுடாதீங்க. 2024 மார்ச்ல 'எக்ஸ்இசட்' லைப்ரரியில ஒளிஞ்சிருந்த கள்ளக் கதவை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடிச்சார். லாகின் அரை செகண்ட் லேட்டானதும், முன்னாடி பார்த்த ஒரு விசித்திரமான வால்கிரின்ட் புகாரும்தான் அவரை யோசிக்க வெச்சது. வார்னிங்கை வாயடைக்கக் கூடாது, என்ன சொல்ல வருதுன்னு கேக்கணும்!

அப்போ நாம என்ன செய்யலாம்?

* ஃபைல் யாரோடதுன்னு முதல்ல பாருங்க. தேர்ட் பார்ட்டி ஃபோல்டரா? கையை எடுத்துடுங்க. திருத்தணும்னா ஒரிஜினல் டீமுக்கே பேட்ச் அனுப்புங்க, இல்லேன்னா அவங்களோட புது காப்பியை அப்படியே கொண்டு வந்து வைங்க.

* ஸ்பேஸ் மாற்றம் தனி கமிட், லாஜிக் மாற்றம் தனி கமிட். ரெண்டையும் கலக்கவே கூடாது.

* அனுப்புறதுக்கு முன்னாடி, ஸ்பேஸை கண்டுக்காம கிட் டிஃப் போடுங்க. 'டபிள்யூ' ஆப்ஷன்தான் அது. அதுல ஏதாவது ஒரு வரி தெரிஞ்சா, நீங்க ஸ்பேஸை மட்டும் தொடலைன்னு அர்த்தம். டபுள் கோட்ஸ் உள்ளே இருக்கிற ஸ்பேஸும் புரோகிராம்ல ஒரு பகுதிதான், எடிட்டர் அதையும் தட்டிடாம பார்த்துக்குங்க.

* 'இந்த வரியை யார் எழுதினது'ன்னு பிளேம் போட்டா, எல்லா வரியிலும் உங்க பேரே வந்து நிக்கும். 2019ல வந்த கிட் 2.23ல இருந்து, சில கமிட்டை மட்டும் பிளேம்ல ஒதுக்கி வைக்க வழி இருக்கு. அதைப் பயன்படுத்துங்க.

'ஸ்பேஸ் மட்டும்தான்'னு கமிட் மெசேஜ்ல எழுதினா, படிக்கிறவர் உங்களை நம்பி வேகமா ஓகே பண்ணுவார். அந்த நம்பிக்கைதான் ஓப்பன் சோர்ஸ்ல உங்க முதல் சம்பாத்தியம். அதைக் கெடுத்துக்காம, தைரியமா முதல் பேட்சை அனுப்புங்க... ஜமாய்ங்க!