ஒரு பெயர், பல பதிவுகள்: நிறுவனத் தரவும் தமிழ்ப் பெயர்களும்

நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் கட்டடம், இயந்திரம், வாகனம் ஆகியவை சொத்துகளாகக் காட்டப்படுகின்றன. பல ஆண்டுகள் உழைத்துத் திரட்டிய வாடிக்கையாளர் பட்டியல் பெரும்பாலும் அங்கு இடம்பெறுவதில்லை. ஒரு நிறுவனம் தானே உருவாக்கிக்கொண்ட பட்டியலைச் சொத்தாகக் கணக்கில் ஏற்கப் பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 38 இடந்தருவதில்லை. மற்றொரு நிறுவனத்தை விலைக்கு வாங்கும்போது உடன்வரும் பட்டியலையோ மதிப்பிட்டுச் சேர்க்கலாம். பட்டியலுக்கு ஆன செலவைத் தொழிலை வளர்க்க ஆன பொதுச் செலவிலிருந்து பிரித்தறிய இயலாது என்பது கணக்கர் கூறும் காரணம். அது பொருத்தமானதே. ஆயினும், கணக்கில் வராத பொருளைக் காக்கும் பொறுப்பு எவருக்கும் இல்லாமற் போய்விடுகிறது.

அதன் விளைவை அறிய, நமக்கு அணுக்கமான ஒரு தரவை எடுத்துக்கொள்வோம்: பெயர்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழருள் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயரையே இணைத்துக்கொள்கிறோம். இடையில் மலேசியாவில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்றும், சிங்கப்பூரில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்றும் உறவுக்குறி வருவதுண்டு. கணினிப் படிவமோ குடும்பப்பெயரைக் கேட்கிறது. பணியாளர் ஒருவர் அக்கட்டத்தில் தந்தையின் பெயரை இடுகிறார். மற்றொருவர் முழுப்பெயரையும் இடுகிறார். விமான முன்பதிவு முறையில் சாய்கோடு என்பது குடும்பப்பெயரையும் இயற்பெயரையும் பிரிக்கும் குறி. ஆதலால் நம் உறவுக்குறியின் சாய்கோட்டுக்கு அங்கு இடமில்லை. முத்துலெட்சுமி என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவோர் லெட்சுமி, லட்சுமி, லக்ஷ்மி எனத் தத்தம் ஒலிப்புக்கேற்ப எழுத்துக்கூட்டுவர். இவ்வாறு ஒரே பெண்மணி ஒரு மருத்துவமனையின் தரவுத்தளத்தில் மூவராகிவிட்டார் என்று கொள்வோம். குறிப்பிட்ட மருந்து அவருக்கு ஒவ்வாது என்ற குறிப்பு அம்மூன்றில் ஒரு பதிவில் மட்டுமே இருக்கும். மருத்துவர் திறப்பது மற்றொரு பதிவாக இருந்தால் என்னவாகும்?

தமிழ் எழுத்திலேயே பதிந்தால் இடர் தீரும் என்றும் கூறவியலாது. ஒருங்குறியில் 'கொ' என்பதை இருவகையாகச் சேமிக்கலாம்: ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவற்றை ஒருமுகப்படுத்தாத நிரல், 'கொற்றவை' என்னும் ஒரே பெயரை இரண்டாகக் கொள்ளும்.

அடையாள அட்டை எண்ணைத் துணைக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணுவர். மலேசிய அட்டையின் 12 இலக்க எண்ணில் பிறந்த நாளும் பிறப்பிடக் குறியீடும் அடங்கியுள்ளன. கடைசி இலக்கம் பாலினத்தையும் காட்டிவிடும். கடையின் உறுப்பினர் பட்டியலுக்கு இத்துணை விவரம் எதற்கு? சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரும் நிலையிலோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்யவேண்டிய நிலையிலோ அன்றித் தனியார் நிறுவனங்கள் இவ்வெண்ணைத் திரட்டலாகாது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் தனிநபர் தரவைக் காப்பதோடு, அது பிழையின்றி இருக்க உரிய முயற்சி எடுக்குமாறும் பணிக்கின்றன. இப்பின்கடமையைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

ஆகவே, மென்பொருள் வாங்குவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டியவை சில உள. 'பெயர்' என்னும் கட்டத்தில் எதனை எழுதுவது என்பதை வரையறுத்து நிறுவனம் முழுமைக்கும் ஒரு தரவு அகராதி அமைத்தல் வேண்டும். விற்பனைப் பிரிவும் கணக்குப் பிரிவும் வெவ்வேறு பட்டியல் வைத்திருப்பின், எது முதன்மைப் பதிவு எனத் தெளிவுபடுத்துதல் வேண்டும். பிழையைக் கண்டவர் தம் படியில் மட்டும் திருத்தாமல் முதன்மைப் பதிவிலேயே திருத்தச் செய்தல் வேண்டும். இவற்றுக்குப் பொறுப்பேற்பவர் தகவல் தொழில்நுட்பப் பிரிவினராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை; வாடிக்கையாளரை நன்கறிந்த பிரிவினரே பொருத்தமானவர் என்பது எம் கருத்து.

பள்ளிகளும் இவற்றைப் பின்பற்றலாம். மாணவர் பதிவுப் படிவத்தில் குடும்பப்பெயர்க் கட்டத்தை நீக்கிவிட்டு, 'அடையாள ஆவணத்தில் உள்ளவாறு முழுப்பெயர்', 'அழைக்கும் பெயர்' என இரு கட்டங்களை அமைக்கலாம். தமிழில் எழுதிய பெயருக்கு மூன்றாவது கட்டம் ஒன்றைச் சேர்த்து, அதனைப் பெற்றோரே நிரப்புமாறு செய்யலாம்.