இமாஜிக்: ஒரு சின்னக் கம்பெனியின் கதை

வீட்டு டிவியில் ஆடும் வீடியோ கேம் என்றதும் பெரிய நிறுவனங்களின் பெயர்தான் நம் வாயில் வரும். 1981-இல் கலிபோர்னியாவின் லாஸ் கேட்டஸ் என்ற சிற்றூரில் தொடங்கிய இமாஜிக்கை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. புரோகிராம் எழுதியவனுக்கு அதில் என்ன பங்கு என்ற கேள்வியில் பிறந்த கம்பெனி அது. மென்பொருள் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இல்லாத வீடு நம்மிடையே குறைவு என்பதால், இந்தக் கதை நமக்கும் கொஞ்சம் வேண்டியதுதான்.

அன்று சந்தையை ஆண்டது அட்டாரி. 1977-இல் அது வெளியிட்டு, பின்னாளில் 2600 என்று பெயர் பெற்ற பெட்டியின் நினைவகம் வெறும் 128 பைட்டு. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் திருக்குறளின் முதல் குறளை எழுதினாலே 123 பைட்டு போய்விடும், மிச்சம் ஐந்து! திரைப்படத்தைச் சேர்த்து வைக்க இடம் ஏது? டிவி ஒவ்வொரு கோடாக வரைய வரைய, அந்தக் கோட்டில் என்ன வரவேண்டும் என்று புரோகிராம் அந்தந்த கணத்தில் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு கோட்டுக்குச் செயலியின் 76 துடிப்புதான் அவகாசம். முழுக் கோலத்தையும் மனசில் வைக்காமல் வரிசை வரிசையாக, அதுவும் நொடிக்கு அறுபது தடவை போடுவது மாதிரி. லேசுப்பட்ட வேலையா அது?

இப்படி உழைத்தவர்களின் பெயரை அட்டாரி வெளியே சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் 1979-இலேயே நான்கு பேர் வெளியேறி ஆக்டிவிஷனைத் தொடங்கிவிட்டார்கள். ராப் ஃபுலொப் அட்டாரியிலேயே இருந்து, 'மிசைல் கமாண்ட்' ஆட்டத்தை 2600-க்கு எழுதினார். லட்சக்கணக்கில் விற்றது. கிறிஸ்துமஸ் போனஸாக அவர் கைக்கு வந்தது, இலவச வான்கோழி ஒன்றுக்கான கூப்பன்! பின்னாளில் அவரே சொன்ன விஷயம் இது. நம்ம ஊர்க் கணக்கில், தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸோடு சரி.

அட்டாரியில் விற்பனைப் பிரிவைப் பார்த்த பில் கிரப், புரோகிராமர் டென்னிஸ் கோபிள், ஃபுலொப் ஆகியோரும், மேட்டல் கம்பெனியிலிருந்து வந்த சிலரும் சேர்ந்ததுதான் இமாஜிக். 1982-இல் வந்த ஃபுலொப்பின் 'டீமன் அட்டாக்' அமோகமாக விற்றது. 2600-இன் சில்லு நகரும் உருவம் இரண்டைத்தான் தரும். கோடு கீழே இறங்க இறங்க அவற்றையே திரும்பப் பயன்படுத்தி, ஒன்றின்கீழ் ஒன்றாகப் பேய்ப்பறவைகளைப் பறக்கவிட்டார். மொத்த ஆட்டமும் 4 கிலோபைட்டுக்குள். 'ஃபீனிக்ஸ்' ஆட்டத்தின் வீட்டு உரிமை தன்னிடம் இருக்கிறது, இது அதன் சாயல் என்று அட்டாரி வழக்குப் போட்டது; கோர்ட்டுக்கு வெளியே சமாதானம் ஆச்சு. பழைய முதலாளிக்கு வலித்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, இவ்வளவு கெட்டிக்காரர்கள் ஏன் நிலைக்கவில்லை? சரக்கில் குறை இல்லை. 1982 கடைசியில் பங்குச்சந்தையில் இறங்கத் தயாராக நின்றார்கள். அந்த டிசம்பரில் அட்டாரியின் தாய் நிறுவனமான வார்னர், லாபம் எதிர்பார்த்த அளவு வராது என்று அறிவித்தது. பங்குகள் சரிந்தன, இமாஜிக் பங்கு வெளியீட்டைக் கைவிட்டது. ஆட்டம் எழுதத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் கேசட் போட்டுக் கடைகளை நிரப்பியிருந்த நேரம். 1983-இல் விற்காத சரக்கை அள்ளிக் கூடையில் கொட்டி, அடிமாட்டு விலைக்குத் தள்ளினார்கள். நல்லதும் மட்டமும் ஒரே கூடையில்! கையில் முதல் இருந்தவர்கள் தாங்கினார்கள். 1986 வாக்கில் இமாஜிக் இல்லாமலே போயிற்று.

ஃபுலொப் மட்டும் ஓயவில்லை. 1995-இல், கம்ப்யூட்டர் திரையில் நாய்க்குட்டி வளர்க்கும் 'டாக்ஸ்' அவர் பங்கெடுத்த கம்பெனியிலிருந்து வந்தது. இமாஜிக் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றின் உரிமை, அதே கோபத்தில் முதலில் வெளியேறியவர்களின் ஆக்டிவிஷனுக்குப் போய்ச் சேர்ந்தது.